புத்தகத்தை எடுத்து வைத்திருந்த பாவி

மதியச் சாப்பாடு முடிந்து வேலை மணி அடித்தாகிவிட்டது. மிஷின் சத்தம் மட்டும் வரவில்லை.

மங்கலம் ரோட்டில் இருக்கும் தன் பனியன் கம்பெனியின் மாடியில், கேபினுக்குள் உட்கார்ந்து நாச்சிமுத்து சாயத்துணி மாதிரிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே இருநூறு தையல் மிஷின்கள் ஒன்றாக ஓடும் இரைச்சலில்தான் அவர் போன் பேசுவார், பேரம் முடிப்பார், சமயத்தில் நாற்காலியிலேயே கண்ணயரவும் செய்வார். இரைச்சல் நின்றால்தான் அவருக்குத் தூக்கம் கெடும். கரண்ட் போய்விட்டதோ என்று அண்ணாந்து பார்த்தார். ஃபேன் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் கன்டெய்னர் ஏற்ற வேண்டும்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படி இறங்கினார். எல்லோரும் அவரவர் மிஷினில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஊசிக்கடியில் துணி இருந்தது. பெடலில் கால் இருந்தது. முகம் மட்டும் இழவு வீட்டு முகம். பிளாட்லாக் மிஷினுக்குப் பின்னால் ஒரு பெண் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

ஹெச்.ஆர். ஆபீசர் ஜெயபாரதி ஓடி வந்தாள். வயது முப்பதுகூட ஆகவில்லை. ஆனால் கம்பெனியில் எது நடந்தாலும் முதலில் அவளைத்தான் எல்லோரும் தேடுவார்கள்.

"என்னம்மிணி இது, ஸ்ட்ரைக்கா?"

"இல்லீங்க சார். புக்கு போயிருச்சுங்க."

"எந்த புக்கு? ஆர்டர் புக்கா?"

"செருப்பு புக்குங்க."

நாச்சிமுத்துவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் வாழ்நாளில் பள்ளிக்கூடப் புத்தகத்தைத் தவிர வேறு புத்தகத்தைத் தொட்டதில்லை. அதையும் ஆசிரியர் தொடச் சொன்னதால்தான் தொட்டார். ஜெயபாரதி அவரை ஓரமாகக் கூட்டிப்போய் விவரம் சொன்னாள்.

மூலகாரணம் சரக்கு வாங்கும் பையர்தான். வெளிநாட்டிலிருந்து வந்த அவர்களுடைய தணிக்கைக் குழு, தொழிலாளர் நலனுக்கு இங்கே வாசிப்பு வசதி இல்லை என்று குறை எழுதிவிட்டுப் போனது. நாச்சிமுத்து உடனே ஒரு அலமாரி நிறையப் புத்தகம் வாங்கி வைத்தார். அடுத்த தடவை வந்தவர், பஞ்சுத் தூசி பறக்கிற இடத்தில் இவ்வளவு காகிதம் தீ அபாயம் என்று எழுதிவிட்டுப் போனார். படிக்கவும் வேண்டும், காகிதமும் கூடாது. இதென்னடா வம்பு என்று அவர் தலையைச் சொறிந்தபோது ஜெயபாரதிதான் வழி கண்டுபிடித்தாள். நகரத்துப் பொது நூலகத்தில் இப்போது மின்நூல் இரவல் தருகிறார்கள். ஆளுக்கொரு உறுப்பினர் அட்டை போட்டு, ஈ-ரீடர் பத்து வாங்கினால் போதும். புத்தகம் காற்றிலேயே வரும். இரண்டு வாரம் கழித்துக் காற்றிலேயே திரும்பிப் போய்விடும்.

தொடக்க விழாவுக்கு நூலகர் தங்கவேலு நேரிலேயே வந்திருந்தார். ஒரு புத்தகத்துக்கு ஒரு பிரதிதான், அதை ஒரு நேரத்தில் ஒருவர்தான் எடுக்க முடியும் என்று அவர் விளக்கியபோது நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு தாளவில்லை.

"ஏனுங்க, இதுல காயிதமே இல்லை, மையும் இல்லை. அப்பறம் எதுக்குங்க ஒரே ஒரு பீஸு? ஒரு சேம்பிள் குடுங்க, சாயங்காலத்துக்குள்ள பத்தாயிரம் அடிச்சுத் தர்றேன்."

"அதைப் பண்ணக் கூடாதுங்கறதுக்குத்தானுங்க இம்புட்டு ஏற்பாடும்" என்றார் தங்கவேலு.

பத்துக் கருவிகளில் ஒன்பதில் கோழி வளர்ப்பும் தன்னம்பிக்கையும் வந்து உட்கார்ந்துகொண்டன. அவற்றை யாரும் சீண்டவில்லை. பத்தாவதில் வந்ததுதான் 'ஜமீன் பங்களாவில் ஒற்றைச் செருப்பு'. மலையடிவாரத்து பங்களா ஒன்றில் கிழட்டு ஜமீன்தார் செத்துக் கிடக்கிறார். பக்கத்தில் ஒற்றைச் செருப்பு. கொன்றது யார்?

அதை எடுத்தவள் பிளாட்லாக் டெய்லர் சின்னத்தாய். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். ஒப்பாரி வைத்தால் ஊரே அழும், அப்படியொரு குரல். முதலில் தனக்குத்தானே முணுமுணுத்துப் படித்தாள். பக்கத்து மிஷின்காரி காதைத் தீட்டினாள். பிறகு அந்த வரிசை. பிறகு மதியச் சாப்பாட்டு நேரத்தில் அறிவிப்பு மைக்கிலேயே படிக்கச் சொல்லிவிட்டார்கள். கம்பெனி இரண்டாகப் பிரிந்தது. ஓவர்லாக் வரிசை முழுக்க சமையல்காரன் கட்சி. பிளாட்லாக் வரிசை முழுக்க டாக்டர் கட்சி. டாக்டர் கட்சிப் பெண் ஒருத்தி, கட்டிக்கப் போகிறவன் சமையல்காரன் கட்சி என்று தெரிந்து இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. பேக்கிங் செக்‌ஷனில் இருந்த பீகார் ஆட்களுக்கு ராம்பரோஸ் என்பவன் அப்போதைக்கப்போதே இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தமிழ் பாதிதான் தெரியும். மீதியை அவனே போட்டுக்கொண்டான். அவனுடைய கதையில் ஜமீன்தார் சாகவே இல்லை.

இன்று கடைசி அத்தியாயம். எல்லோரும் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். "செருப்பு யாருடையது என்பதை இன்ஸ்பெக்டர் சொன்னபோது" என்று சின்னத்தாய் படித்து, பக்கத்தைத் திருப்பினாள். இரவல் காலம் முடிந்தது என்று ஒரு பெட்டிச் செய்தி வந்தது. அவ்வளவுதான். புத்தகத்தைக் காணவில்லை.

"மறுபடியும் எடுக்கறது?" என்றார் நாச்சிமுத்து.

"முடியாதுங்க சார். நமக்கு முன்னாடியே யாரோ சொல்லி வெச்சிருந்தாங்களாம். அந்த நிமிசமே அவங்களுக்குப் போயிருச்சு. இனி ரெண்டு வாரமாகுமுங்க."

"ரெண்டு வாரமா! அக்கட்டால போச்சொல்லு செருப்பை. மிஷினை ஓட்டச் சொல்லு அம்மிணி."

மிஷின் ஓடத்தான் செய்தது. ஓட்டியவர்கள் மனசுதான் பங்களாவில் இருந்தது. சாயங்காலம் செக்கிங் டேபிளுக்கு வந்த துணியைப் பார்த்து நாச்சிமுத்துவுக்கு மயக்கம் வராத குறை. கழுத்துப் பட்டி கைக்குப் போயிருந்தது. ஒரு டி-ஷர்ட்டில் மூன்று கை. தைத்தவனைக் கூப்பிட்டுக் கேட்டால், "சமையக்காரன் இல்லைன்னா அந்த வெசம் எப்படிங்க சோத்துல வந்துச்சு?" என்று அவரையே திருப்பிக் கேட்டான்.

மறுநாள் காலையில் நாச்சிமுத்து காரை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனார். அந்தத் தெருவில் தினமும் போய் வந்திருந்தாலும் உள்ளே நுழைவது அதுதான் முதல் தடவை. செருப்பை வெளியே விடுவதா, போட்டுக்கொண்டு போவதா என்று தெரியாமல் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கோயில் மாதிரி விட்டுவிட்டுப் போனார்.

தங்கவேலு எழுந்து நின்று வரவேற்றார். நாச்சிமுத்து நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அந்தப் புத்தகம் இப்ப யார்கிட்ட இருக்குதுங்க? பேரைச் சொல்லுங்க, நான் நேர்ல போயிக் கால்ல உழுந்தாவது வாங்கிக்கறேன்."

"அது சொல்லக் கூடாதுங்களே."

"நான் என்ன அடிக்கவா போறேன்?"

"அதில்லீங்க. யாரு என்ன படிக்கறாங்கங்கறது அவங்க சொந்த விசயம். இப்ப நீங்க என்ன படிக்கறீங்கன்னு உங்க ஊட்டுக்காரம்மா வந்து கேட்டா நான் சொல்லலாமுங்களா?"

"நான் ஒண்ணும் படிக்கறதில்லீங்களே."

தங்கவேலு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்து, நூலக விதியை நினைத்துக்கொண்டவர் போல மூடிக்கொண்டார்.

நாச்சிமுத்து நூலகத்துக்கு ஃபேன் வாங்கித் தருவதாகச் சொன்னார். வாசகர் எல்லோருக்கும் ஆளுக்கொரு பனியன் தருவதாகச் சொன்னார். எதற்கும் தங்கவேலு மசியவில்லை. ஆனால் மனிதர் இளகிய மனசுக்காரர். வழியனுப்ப வாசல்வரை வந்தவர், செருப்பை மாட்டிக்கொண்டிருந்த நாச்சிமுத்துவிடம் குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு மட்டும் சொல்லலாமுங்க. எடுத்தவரு இன்னும் அதைத் திறந்துகூடப் பாக்கலை" என்றார்.

நாச்சிமுத்துவுக்கு ரத்தம் கொதித்தது. படிக்கிறவன் வைத்திருந்தால்கூட ஆறுதல். எடுத்துத் திறந்தும் பார்க்காமல் இருநூறு பேர் பிழைப்பில் மண்ணைப் போட்டுக்கொண்டு எவனோ ஒருத்தன் இந்த ஊரில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறான்! வழி நெடுக ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டே திட்டினார். கம்பெனிக்கு வந்ததும் நேராக மைக்கைப் பிடித்தார்.

"புத்தகம் எடுத்தவன் படிக்கவே இல்லையாமுங்க! சும்மா எடுத்து வெச்சிருக்கறானாம்!"

வரிசைக்கு வரிசை ஒரு பெருமூச்சு எழுந்தது. பிறகு சாபம் எழுந்தது. அந்தச் சாபங்களை இங்கே எழுத முடியாது. உசிலம்பட்டிச் சாபமும் கொங்குச் சாபமும் பீகார்ச் சாபமும் ஒரே கூரைக்கடியில் கலந்து கேட்டதை நாச்சிமுத்து திருப்தியோடு கேட்டுக்கொண்டு நின்றார்.

சின்னத்தாய்தான் அந்த யோசனையைச் சொன்னாள். "மொதலாளி, ஆனைமலை மாசாணியம்மனுக்கு மொளகா அரைச்சுப் பூசுனா களவாணிப்பய வயிறு தானா எரியும்னு சொல்றாக. எரிஞ்சா புக்கத் தானா குடுத்துட்டுப் போறான். அம்புட்டுத்தேன்."

ஜெயபாரதி, "இது களவில்லீங்க சார், இரவல்" என்று முணுமுணுத்தாள். யார் காதிலும் அது விழவில்லை.

வெள்ளிக்கிழமை கம்பெனி வேனிலேயே பத்துப் பெண்களை ஆனைமலைக்கு அனுப்பி வைத்தார் நாச்சிமுத்து. மிளகாய் வாங்கக் காசும் அவர்தான் கொடுத்தார். "நல்லா காரமானதாப் பாத்து வாங்குங்க கண்ணு" என்றும் சொல்லி அனுப்பினார். அம்மிக்கல்லில் சின்னத்தாய் அரைத்த அரையில், பக்கத்தில் நகை திருட்டுப் போய் வந்திருந்த ஒரு குடும்பமே தள்ளி நின்றதாம். "எடுத்து வச்சுக்கிட்டுப் படிக்காத பாவி எவனோ, அவன் வயிறு பத்தி எரியணும் தாயே" என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையிலிருந்து நாச்சிமுத்துவுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.

முந்தின நாள் ஒரு கல்யாணத்தில் பிரியாணியை ஒரு பிடி பிடித்திருந்ததால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மோர் குடித்தார். எரிந்தது. இளநீர் குடித்தார். எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை டாக்டரைப் பார்த்தார். டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "ஏதாவது டென்சனா?" என்று கேட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை ஜெயபாரதி கேபினுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். சாத்திய கதவைத் திரும்பவும் ஒரு முறை இழுத்துப் பார்த்தாள்.

"சார், உங்க போனைச் சித்தெக் குடுங்க."

கொடுத்தார். அவள் எதையெதையோ தள்ளிக்கொண்டே போய், ஓரிடத்தில் நிறுத்தி அவர் முன்னால் நீட்டினாள். லோன் வேண்டுமா, வீட்டு மனை வேண்டுமா என்று வந்து குவிந்த குறுஞ்செய்திகளுக்கு நடுவே ஒன்று இருந்தது. 'அன்பார்ந்த நாச்சிமுத்து அவர்களே, நீங்கள் காத்திருந்த ஜமீன் பங்களாவில் ஒற்றைச் செருப்பு தங்களுக்கு வழங்கப்பட்டுள்ளது. இனிய வாசிப்பு!'

"நான் எங்கம்மிணி காத்திருந்தேன்?"

"தொடக்க விழாவுல மொத அட்டை உங்க பேர்லதானுங்க போட்டோம். ஃபோட்டோவுக்காக ஏதோ ஒரு பட்டனை அமுத்துங்கன்னு சொன்னோம். நீங்க அமுத்துனீங்க. அது, சின்னத்தாய் அப்பத்தான் எடுத்திருந்த இந்த புக்கோட முன்பதிவு பட்டனுங்க. அந்த ஃபோட்டோவைப் பாத்தப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது."

நாச்சிமுத்துவின் கை தானாக வயிற்றுக்குப் போனது. சின்னத்தாய் கையிலிருந்து மறைந்த புத்தகம் ஊர் தாண்டிப் போகவில்லை. மாடிப்படி ஏறி வந்து, விழா நாளில் அவருக்கென்று வாங்கி முருகன் படத்துக்குக் கீழே அட்டைப்பெட்டியோடு வைத்த ஈ-ரீடருக்குள் குடியேறியிருக்கிறது. அந்தப் பெட்டிக்கு ஆயுத பூஜையன்று சந்தனப் பொட்டுகூட வைத்திருந்தார்.

"நானே மொளகாய்க்குக் காசு குடுத்தேனே" என்றார், ரொம்ப மெதுவாக.

"கீழ யாருக்கும் தெரிய வேண்டாமுங்க சார். கருவியை என்கிட்டக் குடுங்க, எப்படியோ சின்னத்தாய்கிட்டச் சேத்தர்றேன்."

"எப்படிக் கெடைச்சுதுன்னு கேப்பாங்களே? வேண்டாம். நானே கடைசிப் பக்கத்தைப் பாத்துச் சொல்லிப்போடறேன். கொன்னவன் பேரு தெரிஞ்சாப் போதுமல்ல? நூலகத்துல சொன்னாங்கன்னு சொல்லிக்கலாம்."

ஜெயபாரதி பெட்டியைத் திறந்து, கடைசி அத்தியாயத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே நின்றாள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தாள். அரை மணி ஆனது. எட்டிப் பார்த்தாள். நாச்சிமுத்து எழுத்துக் கூட்டி உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"பேரு கெடைச்சுதுங்களா சார்?"

"அது கெடக்குது உடு அம்மிணி. ஜமீன்தாரு மக, இந்த ரத்தினவல்லிப் புள்ளை எதுக்கு இப்படி அழுகுது? அதுக்கு முந்தி என்ன ஆச்சுன்னு தெரியலையே."

முந்தின அத்தியாயத்துக்குப் போனார். அதில் வக்கீல் ஒருவர் ரத்தினவல்லியின் முகத்தைப் பார்க்கவே கூசுகிறார். ஏன் கூசுகிறார்? அதற்கும் முந்தின அத்தியாயத்துக்குப் போனார். இப்படியே ஒன்றிலிருந்து அதற்கு முந்தினது, அதற்கும் முந்தினது என்று போய்க்கொண்டே இருந்தார். சாயப்பட்டறையிலிருந்து ஆள் வந்து காத்திருந்தான். பையர் வெளிநாட்டிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டார். "ஜமீன்ல இருக்கறேன்னு சொல்லு" என்றார் நாச்சிமுத்து, தலையைத் தூக்காமல்.

மறுநாளும் அதே கதை. ஜெயபாரதிக்குப் பொறுக்கவில்லை.

"சார், எல்லாரும் மொதல்ல இருந்துதானுங்க படிப்பாங்க."

"பின்னுன துணியப் பிரிக்கறதுன்னா எங்கிருந்தம்மிணி பிரிப்பே? கடைசி வரிசைல நூலைப் புடிச்சு இழுத்தா சரசரன்னு வந்துரும். மொதல்ல இருந்து இழுத்தா சிக்குத்தான் உழுகும்."

துணியைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி.

ஆனால் பின்னாலிருந்து படித்ததில் நாச்சிமுத்துவுக்கு ஒரு விபரீதம் நேர்ந்துவிட்டது. எல்லோருக்கும் முதல் அத்தியாயத்தின் முடிவிலேயே செத்துப்போன ஜமீன்தார், அவருக்கு மட்டும் பக்கத்துக்குப் பக்கம் உயிரோடு நெருங்கி வந்துகொண்டிருந்தார். சாம்பலாக இருந்தவர் பாடையில் கிடந்தார். பாடையில் கிடந்தவர் படிக்கட்டுக்கடியில் கிடந்தார். செவ்வாய்க்கிழமை மூன்று மணிவாக்கில் நாச்சிமுத்து முதல் அத்தியாயத்துக்கு வந்து சேர்ந்தார். அதில் மழைக்காலத்து விடியல். ஜமீன்தார் கிழவர் தோட்டத்தில் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் சேறுமாக நொண்டி நொண்டி ஓடுகிறார். அவர் வளர்க்கும் நாய்க்குட்டி இன்னொரு செருப்பைக் கவ்விக்கொண்டு போக்குக் காட்டுகிறது. அவர் சிரிக்கிறார். மூச்சு வாங்க நின்று மறுபடியும் சிரிக்கிறார். "வல்லி, உன் செருப்பைக் கொடு, இந்தப் போக்கிரியைப் பிடித்துவிட்டு வருகிறேன்" என்று மாடியைப் பார்த்துக் கூப்பிடுகிறார். அவள் தூக்கக் கலக்கத்தில், "போங்கப்பா" என்கிறாள். கிழவர் பாசி பிடித்த படிக்கட்டில் கால் வைக்கிறார்.

"ஏனுங்க, அதுல இறங்காதீங்க!" என்று கத்தினார் நாச்சிமுத்து.

ஜெயபாரதி கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். முதலாளி எழுந்து நின்று, சிலேட்டு மாதிரியிருந்த அந்தக் கருவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். வயிறும் எரிந்தது, கண்ணும் எரிந்தது.

"என்கிட்ட இருக்கற வரைக்கும் அந்த மனுசன் சாக மாட்டாரும்மிணி" என்றார்.

அவள் தண்ணீர் கொடுத்தாள். அவர் அதைக் குடித்துவிட்டு முருகன் படத்தைக் கும்பிட்டார். பிறகு, "மாசாணியம்மன்கிட்ட எவன் வெளையாடுவான். கீழ போலாம் வா" என்றார்.

மிஷின்களை நிறுத்தச் சொல்லி மைக்கைப் பிடித்தார்.

"ஒரு விசயம் சொல்லோணுமுங்க. புத்தகத்தை எடுத்து வெச்சிருந்த பாவி வேற யாருமில்லீங்க. நாந்தான்."

ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. இருநூறு ஊசிகள் இருக்கும் இடத்தில் அப்படியொரு அமைதியை யாரும் கேட்டதில்லை. பட்டனைத் தெரியாமல் அமுக்கியதிலிருந்து வயிறு எரிவது வரை ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். எங்கோ ஓர் ஓரத்தில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அடுத்த நொடி கூரை அதிர்ந்தது. சின்னத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. மார்பில் கையை வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஆத்தாடி! சோறு போடுற மனுசன் வயித்தையா எரிய வச்சேன்! என்னத்துக்குத்தேன் நான் இந்தப் புக்கத் தொட்டேனோ!"

"நீ என்ன கண்ணு பண்ணுவே, மொளகாய் நான் வாங்கிக் குடுத்ததுதானே" என்று மைக்கிலேயே அவளைத் தேற்றிவிட்டு, நாச்சிமுத்து கடைசி அத்தியாயத்தைப் படிக்க ஆரம்பித்தார். தட்டுத் தடுமாறித்தான் படித்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. செருப்பு யாருடையது என்பதை இன்ஸ்பெக்டர் சொன்னபோது அறையில் இருந்த ஒருவரும் நம்பவில்லை. செருப்பு ஜமீன்தாருடையதேதான். ஒற்றைச் செருப்போடு மழையில் இறங்கி, பாசியில் வழுக்கி விழுந்து செத்திருக்கிறார். கொலையும் இல்லை, கொலைகாரனும் இல்லை.

ஓவர்லாக் வரிசையிலிருந்து ஒருவன், "அப்ப அந்த வெசம்?" என்றான். "எலிக்கு வெச்சதுங்க" என்றார் நாச்சிமுத்து. பிளாட்லாக் வரிசை கொதித்தது. "டாக்டரு ராத்திரியோட ராத்திரியா எதுக்கு ஊரை விட்டுப் போனாரு?" "அவரு தங்கச்சிக்குப் பிரசவமுங்க." இரண்டு கட்சியும் தோற்று நின்றபோது, பேக்கிங் செக்‌ஷனில் ராம்பரோசைச் சுற்றி அடிதடி ஆகாத குறை. இவ்வளவு நாளும் ஜமீன்தார் கிணற்றுக்குள் ஒளிந்து உயிரோடு இருக்கிறார் என்று அவன் சொல்லியிருந்தானாம்.

"அவனை உடுங்க!" என்று நாச்சிமுத்து மைக்கில் கத்தினார். "அவன் சொன்னதுலயும் ஒரு நியாயம் இருக்குதுங்க!"

என்ன நியாயம் என்று அவர் விளக்குவதற்குள் மிஷின்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. ஏமாந்த கோபம். அந்தக் கதையை எழுதியவனைப் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டியபடியே தைத்தார்கள். அப்படியொரு வேகத்தை அந்தக் கம்பெனி கண்டதில்லை. பெடலை மிதித்த மிதியில் தரை அதிர்ந்தது. ஒருவருக்கொருவர் பேச்சில்லை. பேசினால் சண்டை வரும். தையலோ நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. கன்டெய்னர் ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. தாமதத்துக்குக் காரணம் கேட்டு பையர் மெயில் அனுப்பினார். தொழிலாளர்கள் வாசிப்பில் ஆழ்ந்துவிட்டதால் என்று ஜெயபாரதி உள்ளதை உள்ளபடி பதில் எழுதினாள். அந்த முறை தணிக்கையில் வாசிப்பு வசதிக்கு முழு மதிப்பெண் வந்தது.

வயிறு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை அதே வேனில், அதே பத்துப் பெண்களோடு நாச்சிமுத்துவும் ஏறிக்கொண்டார். அம்மனைக் குளிர்விக்க எண்ணெயும் இளநீரும் வாங்கிப் போனார்கள். சன்னிதியில் சின்னத்தாய் அவரை முன்னால் தள்ளி நிறுத்திவிட்டு அம்மனிடம் பேசினாள்.

"தாயே, அன்னைக்கு ஒரு பாவியப் பத்திச் சொன்னேன்ல, இந்தா நிக்கிறாரு. ஆளு நல்லவருதேன். தெரியாம எடுத்துப்புட்டாரு. இப்ப படிச்சும் முடிச்சுட்டாரு. என்ன, பின்னாலருந்து படிச்சிருக்காரு. அதுக்கு நீ ஒண்ணும் தண்டனை குடுத்துராத."

வெளியே வந்து மண்டபத்து நிழலில் உட்கார்ந்தபோது, எரிச்சல் குறைந்த மாதிரி இருக்கிறதா என்று பத்துப் பேரும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் நாச்சிமுத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார். குறைந்துதான் இருந்தது.

வண்டி பொள்ளாச்சியைத் தாண்டியதும், முன் சீட்டில் இருந்த ஒருத்தி திரும்பி, "கொன்னவன் இல்லைன்னா, அந்தாளு எதுக்குங்க மழைல ஒத்தைச் செருப்போட எறங்குனாரு?" என்று கேட்டாள்.

நாச்சிமுத்துவுக்கு ஆச்சரியமாக இருந்தது. "மொத அத்தியாயத்துலயே இருக்குதே. நீங்கதானே மொதல்ல படிச்சீங்க?"

ஒருத்திக்கும் நினைவில்லை. பிணம் எப்போது வரும் என்று காத்திருந்ததில் அந்தப் பக்கங்களை யாரும் காதில் வாங்கவில்லை. சின்னத்தாய்கூட, "என்னமோ நாயி, பேயின்னு வந்துச்சு, வெரசாப் படிச்சுத் தள்ளிட்டேன்" என்றாள்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். நாய்க்குட்டி செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியதை, கிழவர் நொண்டிக்கொண்டே துரத்தியதை, மூச்சு வாங்கச் சிரித்ததை, மகள் தூக்கத்தில் போங்கப்பா என்றதைச் சொன்னார். இத்தனை நாள் கொன்றது யார், கொன்றது யார் என்று மல்லுக்கட்டியவர்களுக்கு, செத்தவர் ஒரு மனிதர் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒருத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அதைப் பார்த்து இன்னொருத்தி. பல்லடம் வருவதற்குள் வேனே விசும்பிக்கொண்டிருந்தது. டிரைவர் ஓரம் கட்டிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போகலாமா என்று கேட்டான். யாரும் இறங்கவில்லை.

"அந்த நாய்க்குட்டி பெறகு என்னாச்சு மொதலாளி?" என்றாள் சின்னத்தாய்.

நாச்சிமுத்து யோசித்தார். நாய்க்குட்டி முதல் அத்தியாயத்தோடு சரி. அதற்கப்புறம் எந்தப் பக்கத்திலும் அது இல்லை. எழுதினவரே மறந்துவிட்டார். ஆனால் பத்து முகங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. டிரைவரும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுங்களா?" என்றார். "அதை ரத்தினவல்லி எடுத்துட்டுப் போயி வளர்த்துச்சு. ராத்திரி அவ கட்டில் பக்கத்துலயேதான் படுத்துக்கும். பெருசாகி, நாலு குட்டி போட்டுது. ஒரு குட்டி டாக்டர் ஊட்டுக்கு, ஒண்ணு சமையக்காரனுக்கு."

"இது புக்குல இருக்கா?"

"இருக்குது."

"நான் ஒரு வரி விடாமப் படிச்சேனே, எனக்கு வரலையே?"

"நீ முன்னால இருந்தல்ல படிச்சே கண்ணு" என்றார் நாச்சிமுத்து. "பின்னால இருந்து வந்தாத்தான் அது தெரியும்."

சின்னத்தாய் சரிதான் என்று தலையாட்டினாள். மீதி இரண்டு குட்டிகள் யாருக்குப் போயின என்று பின் சீட்டிலிருந்து ஒருத்தி கேட்டாள். அவர் திரும்பி உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.